நின்ற நீரின் அழுத்தம்

அடுக்குமாடிக் கட்டடங்களில் படிக்கட்டை ஒட்டி ஒரு சிவப்புக் குழாய் மேலேறிப் போகும். மாடிக்கு ஒரு ஹைட்ரண்ட் வால்வு, பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி, உள்ளே சுருட்டி வைத்த ஹோஸ். குடியிருப்பவர்களுக்கு அது சுவரின் ஒரு பகுதி. சென்னையின் தெற்குப் பக்கம் இருக்கும் எங்கள் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் அந்தப் பெட்டிகளுக்குள் செருப்பும் பழைய பேப்பரும் கிரிக்கெட் மட்டையும் இருந்தன. ஹோஸின் முனையில் மாட்டும் கன்மெட்டல் நாஸில்தான் பல பெட்டிகளில் இல்லை. எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

'நீங்க இன்ஜினியர்தானே' என்று சொல்லிச் சங்கத்தில் பராமரிப்பை என் தலையில் கட்டினார்கள். நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. ஆனால் ஒத்துக்கொள்ள எனக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீடு பி பிளாக்கில் ஒன்பதாவது மாடி. அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. படியில் இறங்கினால் அரை மணி நேரம் ஆகும். தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறாதீர்கள் என்று லிஃப்டுக்குள்ளேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

பாடம் எடுத்தவர் பம்ப் ஆபரேட்டர் அண்ணன். அறையில் வரிசையாக மூன்று பம்புகள். "இவன் ஜாக்கி, சின்னப் பையன் சார். லைன்ல எங்கயாச்சும் கசிஞ்சு பிரஷர் இறங்குனா இவன் ஓடி ஏத்திடுவான். பெரிய பம்ப் எடுத்துச்சுன்னா எங்கயோ நிஜமாவே தண்ணி போகுதுன்னு அர்த்தம். கரண்ட் இல்லன்னா டீசல். பெரியவனும் டீசலும் தானா எடுக்கும், தானா நிக்காது. நாமதான் வந்து நிறுத்தணும்."

நிற்காதது ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போது மெஷின் தானாக முடிவெடுத்து நிற்கக் கூடாது.

ஜாக்கி அடிக்கடி ஓடினால் எங்கோ கசிகிறது. மாடி மாடியாக ஏறி வால்வின் தண்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் இறுக்கலாம். அதற்கும் கேட்காவிட்டால் பழைய கிளாண்ட் கயிற்றைப் பிடுங்கிப் புதுக் கயிறு சுற்ற வேண்டும். ஹோஸ் மாட்டும் வாயில் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். கயிறு சுற்றவோ வால்வையே மாற்றவோ பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்கான மெயின் வால்வை மூடி, தண்ணீரை வடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி திறக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் யாரும் ரசீது கேட்பதில்லை.

பல கட்டடங்களில் கசிவைத் தேடுவதில்லை. ஜாக்கியின் சத்தம் தொந்தரவு என்று பேனலில் சுவிட்சை ஆட்டோவிலிருந்து ஆஃபுக்குத் திருப்பிவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிடும், பிரச்சினை தீர்ந்துவிடும். எங்கள் தொழிலிலும் உண்டு இது. அலாரம் அடிக்கடி வந்தால் அலாரத்தை மியூட் செய்வது.

ஒவ்வொரு மாதமும் ஏ.எம்.சி. ஆட்கள் வந்து பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். பம்ப் அறையில் எட்டு கிலோ, மொட்டை மாடியில் நான்கு கிலோ. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ குறையும். பேஸ்மென்டிலிருந்து மொட்டை மாடி சுமார் நாற்பது மீட்டர். கணக்கு கச்சிதம். ஆனால் அது நின்றுகொண்டிருக்கும் தண்ணீரின் கணக்கு. தண்ணீர் ஓடாதபோது உராய்வு இல்லை, இழப்பு இல்லை. குழாய் பாதி துருவால் அடைத்திருந்தாலும், வால்வு கால்வாசிதான் திறந்திருந்தாலும் முள் அதே இடத்தைத்தான் காட்டும். கேஜ் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. ரீஸ்டோர் செய்தே பார்க்காத பேக்கப்பும் இப்படித்தான், தினமும் பச்சை விளக்கு காட்டும்.

மேல்கோடி ஹைட்ரண்டைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன்.

"எவ்வளவு தண்ணி போகும் தம்பி?" என்றார் மூத்தவர் ஒருவர்.

"ஆயிரம் லிட்டர் போகலாம் சார்."

"லாரித் தண்ணிக்குக் காசு குடுத்துட்டு மொட்டை மாடியில ஊத்தச் சொல்றீங்களா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நாட்களில் தீயணைப்புத் தொட்டியில் கைவைக்கலாமா என்ற பேச்சு எங்கள் சங்கத்தில் எழுந்ததாம். அதைப் பார்த்தவர்களிடம் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம் என்று சொல்வது எளிதல்ல. கடைசியில் ஹோஸைத் தோட்டத்துப் பக்கம் இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டு அனுமதி வாங்கினேன்.

ஏ பிளாக்கில் தண்ணீர் நன்றாகவே வந்தது. பி பிளாக்கில் வால்வைத் திறந்ததும் சில நொடி சீறியது, கறுப்பாகத் துப்பியது, பிறகு நூலாக ஒழுகியது. கீழே போன் செய்தேன். "அண்ணா, பம்ப் எடுத்துச்சா?"

"இல்ல சார். முள்ளு அசையவே இல்ல."

மேலே திறந்திருக்கிறது, கீழே தெரியவில்லை. அப்படியானால் நடுவில் எங்கோ அடைப்பு. அண்ணன் பேஸ்மென்டில் ஒரு காருக்குப் பின்னால் பி பிளாக் குழாயின் மெயின் வால்வைக் கண்டுபிடித்தார். மூடியிருந்தது. ஒன்பது மாதத்துக்கு முன் நான்காவது மாடியில் வால்வு மாற்றியதாகப் பதிவேட்டில் இருந்தது. பழைய மெயின் வால்வு முழுக்க அடைக்கவில்லை, லேசாகக் கசிந்தது. முள்ளை நான்கில் நிறுத்த அந்தக் கசிவே போதும். ஒன்பது மாதமாக எங்கள் பிளாக்கின் நாற்பத்தெட்டு வீடுகளுக்கும் குழாய் நிறையத் தண்ணீர் இருந்தது. அதற்குப் பின்னால் பம்ப் இல்லை.

இப்படி ஒரு வால்வு என்ன செய்யும் என்பதற்கு ஃபிலடெல்ஃபியா சாட்சி. 1991 பிப்ரவரி 23 அன்று ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி அலுவலகக் கட்டடத்தில் 22ஆவது மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் ஹோஸை மாட்டினால் தண்ணீர் வலுவில்லாமல் வந்தது. ஹைட்ரண்ட் வாயில் இருந்த அழுத்தம் குறைக்கும் வால்வுகளைத் தவறான அளவில் அமைத்திருந்தார்கள். அதைத் திருத்தத் தெரிந்த ஆள் வந்து சேரச் சில மணி நேரம் ஆனது. மூன்று வீரர்கள் இறந்தார்கள். தீ எட்டு மாடிகளைத் தின்றுவிட்டு 30ஆவது மாடியில் நின்றது. அந்த மாடியில் ஸ்பிரிங்க்ளர்கள் இருந்தன.

அண்ணன் வால்வைத் திறந்ததும் பெரிய பம்ப் எடுத்தது. மேலே ஹோஸை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஓடும்போது முள் மூன்றரைக்குக் கீழே இறங்கவில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு மேல்கோடி ஹைட்ரண்டில் கேட்பதும் அந்த அளவுதான். அந்த மூத்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதைத்தான் வருஷா வருஷம் செய்யணும்" என்றார்.

இப்போது பேஸ்மென்ட் வால்வுகள் எல்லாம் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கின்றன. சாவி அண்ணனிடம். பதிவேட்டில் 'நிற்கும்போது', 'ஓடும்போது' என்று இரண்டு பத்திகள். இரண்டாவது பத்தி நிரம்பினால்தான் ஏ.எம்.சி. பில்லுக்குக் கையெழுத்து.

நீங்கள் அலுவலகத்திலோ அடுக்குமாடியிலோ இருந்தால் பம்பைப் பற்றியெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டாம். கடைசியாக உச்சி மாடியில் எப்போது தண்ணீர் ஓடியது என்று மட்டும் பராமரிப்பு ஆளிடம் கேளுங்கள். கேஜில் எத்தனை கிலோ காட்டுகிறது என்று அவர் பதில் சொன்னால், மறுபடியும் அதே கேள்வியைக் கேளுங்கள்.