ஒன்றரை அடிக் குழி



இந்த வாரம் நம் குருமனையின் கொல்லையில் நின்ற ஒரு கம்பத்தைக் குறித்து எழுதுகிறேன். அது நின்ற நாட்களைவிட விழுந்த இரவைப் பற்றியே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

இறையியல் கல்லூரியில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஊழியம் செய்கிறார். தம் வீட்டுக் கொல்லையில் அவர் நாட்டியிருந்த உயரமான கம்பத்தின் படம் ஒன்றைச் சென்ற ஆண்டு எனக்கு அனுப்பினார். அதன் உச்சியில் பல அறைகள் கொண்ட வெள்ளை நிறப் பறவை வீடு. பர்ப்பிள் மார்ட்டின் என்னும் கருநீலத் தகைவிலான் குருவிகள் பிரேசில் முதலான தென்னமெரிக்க நாடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, இளவேனிலில் வந்து அதில் குடியேறுகின்றனவாம். ஐரோப்பியர் அந்த மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே, அங்குள்ள பூர்வகுடி மக்கள் சுரைக் குடுக்கைகளைக் கழிகளில் தொங்கவிட்டு இப்பறவைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அப்படித் தலைமுறை தலைமுறையாகப் பழகியதால், ராக்கி மலைக்குக் கிழக்கே வாழும் தகைவிலான்கள் இன்று ஏறத்தாழ முழுவதுமாக மனிதர் அமைத்துத் தரும் கூடுகளையே நம்பியிருக்கின்றன. மனிதர் கம்பம் நாட்டாவிட்டால் அவற்றுக்கு வீடில்லை. அந்தச் செய்தி என் மனதில் நெடுநாள் தங்கியிருந்தது.

நம் கீழப்பாவூரில் அந்தப் பறவை இல்லை. நமக்கு இருப்பது அடைக்கலான் குருவி. சிட்டுக்குருவிக்கு நம் தென்பகுதி மக்கள் வழங்கிய பெயர் அது. நம் தமிழ் வேதாகமமும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. 84ஆம் சங்கீதத்தில் அடைக்கலானும் தகைவிலானும் ஒரே வசனத்தில் அருகருகே வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். டெக்சாஸிலோ இரண்டுக்கும் பகை. 1850களில் கப்பலில் கொண்டுபோய் நியூயார்க்கில் விடப்பட்ட நம் அடைக்கலான், அந்தக் கண்டம் முழுவதும் பரவித் தகைவிலானின் கூடுகளைப் பிடித்துக்கொள்கிறது. "நீர் வருந்தி அழைக்கும் விருந்தாளியை நான் இங்கே விரட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று நண்பர் எழுதியிருந்தார்.

இங்கே ஏன் வருந்தி அழைக்கவேண்டும்? பழைய குருமனை ஓட்டுக்கூரை போட்டது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் குருவிகள் தாமாகவே குடியிருந்தன. ஒருவரும் அவற்றுக்கு எதையும் கட்டிக்கொடுக்கவில்லை. கூரையை மாற்றிக் கான்கிரீட் தளம் போட்டபோது அந்த இடுக்குகள் போயின. சுவரில் ஒரு பெட்டியை மாட்டிப் பார்த்தேன். சுற்றுச்சுவர் வழியே வந்த பூனை இரண்டே நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டது. ஆகவே கம்பம் என்று முடிவுசெய்தேன். நண்பரின் படத்தைப் போல நம் கொல்லையிலும் ஒன்று நின்றால் அழகாக இருக்குமே என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அதை மறைப்பானேன்?

உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்த வாரத்தில் பாவூர்சத்திரத்து மரக்கடையில் பதினான்கு அடிச் சவுக்குக் கம்பு ஒன்று வாங்கினேன். ஆலயத்தின் உடைந்த பழைய பெஞ்சுப் பலகைகளை அறுத்து நான்கு பெட்டிகள் செய்தோம். வாசல் ஒன்றேகால் அங்குல வட்டம். அடைக்கலான் நுழையும், மைனா நுழைய முடியாது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் உற்சாகமாக உதவினார்கள். குழி தோண்டியது நான். தோட்டத்து மண் நீர் பாய்ந்து இளகியிருந்ததால் முதல் அடி எளிதாக வந்தது. ஒன்றரை அடியில் கடினமான செம்மண் தட்டியது. அன்று சனிக்கிழமை, மாலையில் ஒரு ஜெபக்கூட்டம் வேறு இருந்தது.

சபையின் மூப்பர்களில் ஒருவரான கொத்தனார் அவ்வழியே வந்து, குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இது பத்தாது. ஆனி, ஆடிக் காத்துக்கு நிக்காது. மூணரை, நாலு அடியாச்சும் போகணும்."

"குருவிக்கூடுதானே, அண்ணாச்சி. என்ன பாரம் இருக்கப்போகிறது?" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. குருவானவரிடம் இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் நம் மக்களுக்கு இல்லை. அது நமக்கு நல்லதா என்பதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

நான் பாரத்தை மட்டுமே கணக்கிட்டேன், காற்றை மறந்துபோனேன். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குக் காற்றுதான், ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகுந்து நம் வயல்களின்மேல் வீசி, சுற்றிலும் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. பன்னிரண்டு அடி உயரத்தில் நான்கு பெட்டிகள் அந்தக் காற்றை மார்பில் வாங்கும்போது கம்பம் ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. அடியிலுள்ள ஒன்றரை அடி இளமண் எதைப் பிடித்துக்கொள்ளும்?

வைகாசியில் இரண்டு பெட்டிகளில் குருவிகள் குடியேறின. ஆனி மாதத்துச் சனிக்கிழமை இரவொன்றில் கம்பம் வேரோடு சாய்ந்தது. ஞாயிறு காலை ஆராதனைக்குப் புறப்படும்போதுதான் பார்த்தேன். ஒரு பெட்டி பிளந்து, இறகு முளைக்கத் தொடங்கிய மூன்று குஞ்சுகள் மண்ணில் கிடந்தன. இன்னொன்றில் முட்டைகள் உடைந்திருந்தன. தாய்க்குருவி துணி காயப்போடும் கொடியில் அமர்ந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் வந்து சூழ்ந்து நின்றார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, இது ஆண்டவரோட சித்தமா?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் மத்தேயு 10ஆம் அதிகாரத்திலிருந்து, ஒரு காசுக்கு இரண்டாக விற்கப்படும் குருவிகளைப் பற்றிப் பிரசங்கித்திருந்தேன். பிதாவின் சித்தம் இல்லாமல் அவற்றில் ஒன்றும் விழுவதில்லை என்று பீடத்திலிருந்து சொன்ன வாய் இதுதான். "ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்மா" என்று அவளிடம் சொன்னேன். மணி அடித்தது, ஆலயத்துக்குள் போய்விட்டேன்.

அன்று இரவு கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் திறந்தேன். அந்த வசனத்தில் 'சித்தம்' என்பதற்குரிய சொல் மூலத்தில் இல்லை. பிதாவை விலக்கிவிட்டு, அவரின்றி, ஒரு குருவியும் விழுவதில்லை என்ற அளவில் வாக்கியம் நின்றுவிடுகிறது. பொருள் தெளிவுபட வேண்டும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் சித்தத்தைச் சேர்த்தார்கள். அதற்கு அவர்களிடம் நியாயமும் உண்டு. லூக்காவோ அந்தக் குருவிகளில் ஒன்றும் தேவனால் மறக்கப்படவில்லை என்கிறார். விழுகிற குருவியின் அருகே பிதா இருக்கிறார் என்பது ஒன்று. பிதாவே அதைத் தள்ளினார் என்பது வேறொன்று. கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆனாலும் பிரசங்க பீடத்தில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லிவந்திருக்கிறேன்.

இதை எழுதத் துணிந்ததற்குக் காரணம் குருவிகள் மட்டுமல்ல. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில், கட்டட வேலைக்குப் போன இளைஞன் ஒருவன் சாரம் சரிந்து விழுந்து இறந்தான். சாரம் கட்டிய கயிறு இற்றுப்போனது என்பது ஊரறிந்த செய்தி. அடக்க ஆராதனையில் நான் தேவசித்தம் என்றேன். அவனுடைய தாய் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கயிற்றைக் கொடுத்து வேலை வாங்கியவரும் முன்வரிசையில் அமர்ந்து ஆமோதித்துத் தலையசைத்தார். என் வார்த்தை அவளைத் தேற்றியதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஆறுதலாய் இருந்தது என்பது மட்டும் உறுதி.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளை மறுபடியும் அந்தக் குழியின் அருகே அழைத்தேன். மத்தேயுவும் லூக்காவும் கன்மலைமேல் வீடு கட்டியவனைப் பற்றிச் சொல்லுகிறார்கள். ஆனால் அவன் தோண்டினான், இன்னும் ஆழமாகப் போனான் என்று எழுதியவர் லூக்கா மட்டுமே. அந்தப் பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "கம்பம் விழுந்ததற்கு ஆண்டவர் காரணமல்ல. கொத்தனார் தாத்தா சொல்லியும் கேளாமல் நான் ஆழம் குறைத்துத் தோண்டினேன்" என்றேன். பெரியவர் ஒருவர் தப்பை ஒப்புக்கொள்வது பிள்ளைகளுக்கு வேடிக்கையாயிருந்தது போலும், சிலர் சிரித்தார்கள். அந்தச் சிறுமி சிரிக்கவில்லை. "அப்போ இந்தத் தடவை ஆழமாத் தோண்டுங்க ஐயா" என்றாள்.

கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். இம்முறை பதினாறு அடி ஜி.ஐ. குழாய், அதில் நான்கு அடி மண்ணுக்குள். நீளத்தில் கால் பங்கு பூமிக்குள் இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. செம்மண்ணை உடைக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. என் உள்ளங்கைகளில் கொப்புளம். நீர் தேங்காதிருக்கக் குழியின் அடியில் அரை அடி ஜல்லி. குழாய் திரும்பாதிருக்க அதன் கீழ்முனையில் குறுக்காகப் பற்றவைத்த இரும்புத் துண்டுகள். தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து, சுற்றிலும் கான்கிரீட் இட்டு, மேற்புறத்தை மழைநீர் வழிந்தோடும்படி சரிவாகப் பூசினார். பாம்பும் பூனையும் ஏறாதபடி ஆள் உயரத்தில் தகரத்தைக் கூம்பாக வளைத்துக் கவிழ்த்தோம். பெட்டிகளின் வாசல் மேற்குக் காற்றுக்கு முதுகுகாட்டிக் கிழக்கு நோக்கியிருக்கிறது. கொடிக்கம்பத்தைப் போலக் கயிறும் கப்பியும் வைத்திருப்பதால், குஞ்சுகள் பறந்துபோனபின் பெட்டிகளை இறக்கிச் சுத்தம் செய்யலாம். அவ்வளவு வேலையும் முடிந்தபின் கொத்தனார் குழாயைத் தோளால் ஒருமுறை முட்டிப் பார்த்தார். என்னையும் முட்டச் சொன்னார்.

கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றவேண்டும். பள்ளிவிட்டு வந்து அந்தச் சிறுமிதான் ஊற்றினாள். ஆறாம் நாள் மாலை ஆண்குருவி ஒன்று தகரக் கூம்பின்மேல் வந்து அமர்ந்தது. அவள் வாளியைக் கீழே வைக்காமல் அது பறக்கும்வரை அப்படியே நின்றிருந்தாள்.

அந்த இளைஞனின் தாய் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரித்து அறிந்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்தில் புறப்படுகிறேன். அன்று எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.