பாங்கு ஜாகை மாறுகிறது

ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஜாகை மாற்றுவது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மி வந்திருக்கும்; குழவியைக் காணோம். ஆனாலும் அதில் ஒரு சௌகரியம் உண்டு. புது வீட்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டால், பழைய வீட்டுச் சாவியை இன்னும் நாலு நாள் வைத்துக் கொள்ளலாம். பாங்குக்கு அதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை இரவு பழைய கம்ப்யூட்டரை நிறுத்தினால், லட்சக்கணக்கான பேருடைய கணக்கையும் புதியதில் குடியேற்றிவிட்டு, திங்கட்கிழமை காலை ஒன்றுமே நடக்காதது போல் கதவைத் திறக்க வேண்டும்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் முப்பது வருஷத்துக்கு மேல் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் மருமகளுக்கு, பாங்குகளை இப்படிக் குடியேற்றி வைப்பதுதான் உத்தியோகம். மாமியாரும் மருமகளும் அடுப்பங்கரையில் நின்று கம்ப்யூட்டரைப் பற்றித் தர்க்கம் செய்யும் வீடு எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான்.

ரங்கராஜன் கமிட்டி 1984-ல் சிபாரிசு செய்ததை ஒட்டி, பாங்குக் கிளைகளுக்கு யந்திரங்கள் வரத் தொடங்கின. எங்கள் கிளைக்கும் ஒன்று வந்தது. பல மாதம் பேரேட்டிலும் எழுதினோம்; யந்திரத்திலும் பதிந்தோம். சாயந்திரம் இரண்டும் ஒத்துப் போக வேண்டும். ஐந்து பைசா உதைத்தாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. வீட்டில் குழந்தை அழுது கொண்டிருக்கும். இங்கே நான் ஐந்து பைசாவைத் தேடிக் கொண்டிருப்பேன்.

"இப்போது அதற்கெல்லாம் அவசியமே இல்லை, அம்மா. நீங்கள் ஆறு மாதம் ஒத்துப் பார்த்ததை யந்திரமே ஒரு ராத்திரியில் பார்த்துவிடும்" என்பாள் மருமகள்.

வாஸ்தவம்தான். முன்பெல்லாம் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கவே மாதக் கணக்காகும். இப்போது வேறு யாருடைய கட்டடத்திலோ இருப்பதை வாடகைக்கு எடுத்துக் கொள்கிறார்கள். அதற்கு மேகம் என்று காவியமாகப் பெயர். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பதுபோலத்தான்! போதாக்குறைக்கு, செயற்கை அறிவு புரோகிராமில் பாதியை எழுதியும் கொடுத்து விடுகிறதாம்.

"அப்படியானால் நீ ஏன் ராத்திரி ஒரு மணிக்கு விழித்துக் கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"யந்திரம் வேகமாகச் செய்கிறது என்று தெரிந்ததும், மேலே இருக்கிறவர்கள் முதலில் தேதியைக் குறித்துவிட்டு அப்புறம்தான் வேலையை எண்ணுகிறார்கள்!" என்றாள்.

பிறகு இங்கிலாந்தில் நடந்த ஒரு கதையைச் சொன்னாள். அங்கே டி.எஸ்.பி. என்று ஒரு பாங்கு. (போலீஸ் உத்தியோகஸ்தர் என்று நினைத்து விடாதீர்கள்.) லாயிட்ஸ் பாங்கிலிருந்து பிரிந்து வந்த பிறகும், பணம் கொடுத்து லாயிட்ஸின் கம்ப்யூட்டரிலேயே காலம் தள்ளிக் கொண்டிருந்தது. தனிக்குடித்தனம் போன பிள்ளை அம்மா வீட்டு அடுப்பிலேயே சமைத்துக் கொள்வது போல! 2015-ல் ஸ்பெயின் தேசத்து சபடெல் பாங்கு அதை வாங்கி, புது ஏற்பாடு செய்தது. முதலில் குறித்த தேதி தவறியது. மறுபடி திட்டம் போட்டபோதும் முடிவுத் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கித்தான் போட்டார்கள். 2018 ஏப்ரலில், ஒரே வார முடிவில், 52 லட்சம் பேரைக் குடியேற்றினார்கள். கணக்குகள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் ஜனங்கள் வந்து கதவைத் தட்டியதும் புது வீடு தாங்கவில்லை. 19 லட்சம் பேர் வரையில் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். சிலருக்கு அடுத்தவருடைய கணக்கு தெரிந்ததாம்! நிலைமை சீராக டிசம்பராயிற்று. 2022-ல் 4 கோடியே 86½ லட்சம் பவுன் அபராதம் விதித்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? புது ஏற்பாட்டில் இரண்டு கம்ப்யூட்டர் நிலையங்கள். இரண்டும் ஒரே மாதிரி என்ற நம்பிக்கையில், கூட்டத்தைத் தாங்குமா என்ற சோதனையை ஒன்றில்தான் நடத்தினார்கள். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பேரேடும் அந்த ஐந்து பைசாவும்தான் ஞாபகம் வந்தன. கணக்கை நகல் எடுப்பதை யந்திரம் எத்தனை வேகமாக வேண்டுமானாலும் செய்யட்டும். பார்க்காததைப் பார்த்ததாக வைத்துக் கொள்வது மனுஷர்கள் செய்கிற காரியமல்லவா?

போன மாதம் மருமகளுக்கே அந்தச் சோதனை வந்தது. இங்குள்ள ஒரு பாங்கின் வேலை. "எல்லாம் தயார்" என்ற பத்திரத்தில் அவளும் சம்மதம் தர வேண்டும். ஒரு பகுதியைக் கூட்டத்தோடு ஓட்டிப் பார்க்கவில்லை. "அது போன மாதிரியேதான், போட்டுவிடு" என்றாராம் மேலதிகாரி. இவள் போடவில்லை. "இந்தப் பகுதி பார்க்கப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்து விட்டாள். அன்றிரவு சாதம் இறங்கவில்லை அவளுக்கு. வீட்டுக் கடன் இருக்கிறது. குழந்தைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். என் பிள்ளை, "நீ ஒருத்திதானா அகப்பட்டாய்?" என்றான். அவனை நான் பார்த்த பார்வையில் எழுந்து போய் விட்டான்.

தேதி மூன்று வாரம் தள்ளிப் போயிருக்கிறது. முதலில் பாங்குச் சிப்பந்திகளின் கணக்குகளை மட்டும் மாற்றிப் பார்ப்பார்களாம். மேலதிகாரி இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் பென்ஷன் வருவதும் அந்த பாங்கில்தான். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.