போரைத் தவறவிட்ட கப்பல்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், வட கடல் காற்று காதை விறைக்க வைக்கும் ஹார்ட்லிபூலில், திருகோணமலை மிதந்துகொண்டிருக்கிறது. ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’ என்று பெயர். மூன்று பாய்மரங்கள்; பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கித் துளைகள். அணியத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் மரச்சிலை நிற்கிறது. அவர் எந்த ஊர்க்காரர் என்று செதுக்கியவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெயர் வந்தது 1782 செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக் கடலில் நடந்த சண்டையிலிருந்து. சில நாள் முன்புதான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அந்தத் துறையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்திருந்தார். அதை மீட்க வந்த எட்வர்ட் ஹியூஸ் மீட்காமலேயே சென்னைக்குத் திரும்பினார். கைநழுவிய ஊரின் பெயரைக் கப்பலுக்கு வைத்த துணிச்சலை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

கப்பல் பிறந்தது பம்பாயில். அதைக் கட்டுவதற்கான வரைபடத்தைக் கொண்டுவந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812-இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிட்யூஷன்’ பிடித்துக் கொளுத்திவிட்டது. மறுபடி வரைபடம் வந்து, பார்சிக் கப்பல் கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் ஆட்கள் மலபார்த் தேக்கில் வேலையை முடித்து 1817 அக்டோபரில் நீரில் இறக்கினார்கள். நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்று அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது!

1819-இல் போர்ட்ஸ்மத் வந்த புத்தம்புதுக் கப்பலின் பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை போட்டு, கால் நூற்றாண்டு சும்மா கட்டிவைத்தார்கள். 1845-இல் பீரங்கிகளைக் குறைத்துத் திருத்திய பிறகே அதற்கு வேலை கிடைத்தது. முதலில் வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள். பிறகு 1852 முதல் 1857 வரை பசிபிக். பெரிய சண்டை எதுவும் வாய்க்கவில்லை.

கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். குனிந்துதான் நடக்க வேண்டும். அந்தக் காலக் கணக்குப்படி ஒரு மாலுமியின் தொங்குபடுக்கைக்கு 14 அங்குல அகலம்தான். நம் ரயில் பெர்த்தைக் குறை சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. விட்டத்தைத் தடவிப் பார்த்தேன். இருநூறு வருஷத் தேக்கு, இன்னும் கெட்டியாக இருக்கிறது. ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ ஆணியைத் துருவிலிருந்து காக்கும். வெற்றிகளால் புகழ் பெற்ற எத்தனையோ கப்பல்கள் விறகாகிப்போக, இது நிலைத்ததற்கு மரம்தான் முதல் காரணம் என்பேன்.

இரண்டாவது காரணம் ஒரு மனிதர். 1897-இல் ஜெஃப்ரி வீட்லி காப் என்பவர் வைத்திருந்த ‘ஃபூட்ராயன்ட்’, நெல்சன் ஒருகாலத்தில் கொடியேற்றிய கப்பல், பிளாக்பூல் கரையில் மோதிச் சிதைந்தது. அதற்கு மாற்றாக, உடைப்பதற்கென்று விற்கப்பட்டிருந்த டிரிங்கோமலியை வாங்கி, பழைய கப்பலின் பெயரையே இதற்கும் சூட்டினார். இரவல் பெயரோடு அது இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி கொடுத்தது, முதலில் ஃபால்மத்தில், பிறகு 1986 வரை போர்ட்ஸ்மத்தில்.

போர்ட்ஸ்மத்தில் அதன் பக்கத்திலேயே ‘இம்ப்ளேக்கபிள்’ நின்றது. டிராஃபால்கர் கடற்போரில் பிரெஞ்சுக்காரருக்காகச் சண்டையிட்டு, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போன மூத்த வீரன். செப்பனிடும் செலவுக்கு அஞ்சி 1949-இல் இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி அதை வெடிவைத்து மூழ்கடித்தார்கள். சண்டையே பார்க்காத அண்டைக் கப்பலை 1987-இல் ஹார்ட்லிபூலுக்குக் கொண்டுவந்து, பல ஆண்டுகள் உழைத்துச் செப்பனிட்டார்கள். 1992-இல் திருகோணமலைப் பெயரும் திரும்பக் கிடைத்தது.