நிற்கிற வீட்டின்கீழ் அஸ்திபாரம்



கன்மலையின்மேல் வீட்டைக் கட்டிய மனுஷனின் உவமையை ஞாயிறு பள்ளி நாட்கள் முதல் அறிவீர்கள். அவன் முதலில் ஆழத் தோண்டினான், பின்பு கட்டினான். வீடு ஏற்கெனவே எழும்பி, குடும்பமும் அதற்குள் வாழ்ந்துகொண்டிருக்க, அஸ்திபாரம் மாத்திரம் இல்லையென்றால் என்ன செய்வது? “இருபது வருஷ இல்லறம் ஐயா, இனி எங்கே தோண்டுவது?” என்று உங்களில் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். அவருக்கு விடையாக ஒரு வேலையைப்பற்றிச் சொல்லுகிறேன்.

ஹூஸ்டனுக்கு வெளியே நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் மொபைல் ஹோமில் தனியே வசிக்கிறார். அவ்வகை வீடு தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின்மேல் கட்டப்பட்டு, சக்கரங்களில் இழுத்துவரப்பட்டு, பெரும்பாலும் சாந்தின்றி அடுக்கிய கான்கிரீட் கற்களின்மேல் இறக்கப்படுகிறது. அவ்விடத்துக் களிமண்ணோ மழையில் உப்பும், வறட்சியில் சுருங்கி வெடிக்கும். கற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் அமிழ்ந்தன. படுக்கையறைக் கதவு அடைபட மறுத்தது. தரையில் சிந்திய தண்ணீர் ஒரே மூலைக்கு ஓடியது. பார்க்க வந்த ஒருவர், இதைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்குங்கள் என்றார். அவருடைய கணவர் கண்மூடிய வீடு அது. வேறொன்றுக்குக் கையில் பணமும் இல்லை. ஜூன் 1 அன்று புயற்காலம் தொடங்கும்.

உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவர் பொறுப்பேற்றார்; நாங்கள் சிலர் மண் சுமந்தோம். அவர் தோண்டுவதற்கு முன் கூரையை அண்ணாந்து பார்த்தது எனக்கு வியப்பாயிருந்தது. மழைத்தண்ணீர் வீட்டினடியில் தேங்காதபடி கூரை விளிம்பில் நீர்வழி அமைத்து, சுற்றிலும் மண்ணை வெளிப்புறமாகச் சரித்தார். தண்ணீர் வந்துகொண்டேயிருந்தால் எதைப் போட்டும் நிலைக்காது என்றார். (குடியை அப்படியே வைத்துக்கொண்டு குடும்ப ஜெபத்தைத் தொடங்கிய வீடுகளை நான் அறிவேன்.)

அடுத்து, பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்தார். நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்பு உத்திரங்களே பாரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அவற்றுக்கு நேர்கீழே நில்லாத தூண் எத்தனை பலமுள்ளதாயினும் வீண். குழிகள் இளகிய மண்ணைக் கடந்து இறுகிய மண்வரை சென்றன. குளிர்ப் பிரதேசங்களில் இன்னும் ஆழம் வேண்டும். மினசோட்டாவின் வடபகுதியில், மண் உறைந்து மேலே தள்ளாதபடி 5 அடி இறங்கவேண்டும்.

பின்பு தூக்கும் வேலை. ஹைட்ராலிக் ஜாக்கியால் ஓரிடத்தை வேகமாக உயர்த்தினால் சுவர் பிளக்கும், குழாய் முறியும். ஆகவே இந்த முனையில் சிறிது, அந்த முனையில் சிறிது, இடையிடையே மட்டம் பார்த்தல் என்று நாட்கள் சென்றன. ஜாக்கியை மாத்திரம் நம்பி ஒருவரும் அடியில் நுழையவில்லை. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மரக்கட்டைகள் பாரத்தைத் தாங்கிய பின்பே நுழைந்தார்கள். புதிய தூண் சுமையை ஏற்ற பின்பே பழைய கற்கள் வெளியேறின. தாயார் பகலில் அயல்வீட்டில் இருந்து, வேலை ஓய்ந்த மாலைகளில் தம் அடுப்பிலேயே சமைத்தார்.

கேள்வி கேட்ட சகோதரரே, அந்த ஜாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுப்புதல் கூட்டத்திற்குப் போய்வந்த இரவிலேயே இல்லறம் முழுவதையும் நிமிர்த்த முயலாதீர்கள். உங்கள் மனைவியும் பிள்ளைகளும் அதற்குள் இருக்கிறார்கள்.

மே மாதக் கடைசியில், காற்று புரட்டாதபடி இரும்புப் பட்டைகளால் வீட்டை நிலத்தோடு பிணைத்தார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இவ்வகை வீட்டுக்கு முதலில் வாகனத்தைப்போன்ற உரிமைப் பத்திரமே உண்டு. நிலையான அஸ்திபாரத்தில் நிறுத்தி, சக்கரங்களையும் அச்சுகளையும் கழற்றியபின், நிலமும் சொந்தமாயிருந்தால், அதை அசையாச் சொத்தாகப் பதிவுசெய்யலாம். தாயாரும் அதற்கு மனுச் செய்திருக்கிறார். கழற்றிய சக்கரங்கள் கொட்டகையோரம் கிடக்கின்றன. அவற்றை அகற்ற இச்சனிக்கிழமை காலை ஒரு லாரியும் நான்கு வாலிபரும் தேவை.