பின்னங்கால்

எங்கள் கோட்டக்குப்பம் வீட்டில் பழைய ‘கல்கி’ பைண்டிங் ஒன்று இருந்தது. 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தாத்தா பைண்ட் செய்து வைத்தது. மற்றவர்கள் கதைக்காக எடுப்பார்கள். நான் அதில் ஓவியர் மணியம் போட்ட குதிரைகளுக்காக எடுப்பேன். வந்தியத்தேவனின் குதிரையைப் பார்த்துப் பார்த்து வரைந்த அந்த மத்தியானங்களுக்கு இப்போது மனசு ஏங்குகிறது.

செஞ்சியில் 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்குராஜனின் குதிரைக் கதை கேட்டு வளர்ந்த ஜில்லா எங்களுடையது. ஆனால் உயிருள்ள குதிரை கண்ணில் படுவது அபூர்வம். ஐயனார் கோயில் குதிரைக்கோ கால்கள் தூண் மாதிரி.

முகமும் பிடரியும் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். மாட்டிக்கொள்வது பின்னங்காலில்தான். மனிதக் கால் போல முட்டியை முன்பக்கம் மடக்கிவிடுவேன். டிராயிங் வாத்தியார் ரப்பரைத் தொட விடமாட்டார். “அழிக்காதடா, அது அங்கேயே இருக்கட்டும்” என்று அதன் மேலேயே அழுத்தி இன்னொரு கோடு போடுவார். நாம் முட்டி என்று நினைக்கிற இடம் குதிரைக்குக் கணுக்கால். பின்னால் துருத்திக்கொண்டு நிற்பது குதிகால். உண்மையான முட்டி மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. தரையில் ஊன்றுவது ஒற்றை விரல். அதன் நகம்தான் குளம்பு. இது புரிந்த அன்றைக்குத்தான் என் குதிரை முதன்முதலாகக் காலூன்றி நின்றது.

பெரிய ஓவியர்களுக்கும் குதிரைக்கால் தப்பியிருக்கிறது. பாரிஸ் லூவரில் இருக்கும் ஜெரிக்கோவின் 1821-ஆம் வருஷத்து எப்சம் பந்தயப் படத்தில், குதிரைகள் நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு பறக்கின்றன. 1878-ல் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமரா வைத்துப் படமெடுத்த பிறகுதான் விஷயம் தெளிவானது: பாய்ச்சலில் நாலு காலும் தரையை விடும்போது அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. என்றாலும் ஓட்டத்தின் வேகம் தெரிவது ஜெரிக்கோவின் படத்தில்தான் என்பேன்.

இப்போது டேப்லெட்டில் வரைகிறேன். ஒரு தட்டு தட்டினால் தப்பான கோடு தடயமில்லாமல் போய்விடுகிறது. எனக்கு அந்தக் கோடு வேண்டும். சரியான காலுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த நேற்றைய கால் வேண்டும். உள்ளங்கை ஓரத்தில் ஒட்டிய பென்சில் கரி வேண்டும்.

கோட்டக்குப்பம் வீடு கைமாறியபோது பைண்டிங்கும் நான் வரைந்த நோட்டுகளும் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தெருவில் படம் வரைகிற பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். ஒரு 2பி பென்சிலோடு சேர்த்து அதன் கையில் கொடுங்கள்.