சமர்கந்தும் கந்தரோடையும்

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் தோட்டக் காணி வாங்க வருபவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்குமுன் கிணற்றைப் பற்றித்தான் விசாரிப்பார். பழைய உறுதிகளிலும் அந்த அக்கறை தெரியும். இத்தனை பரப்பு, நாலு எல்லையும் இன்னின்னது என்று எழுதி முடித்த கையோடு, கிணற்றில் இன்ன பங்கு, வழிவாய்க்கால் பாத்தியதை என்றும் எழுதியிருக்கும். ஒரு கிணற்றுக்குப் பல குடும்பங்கள் பங்குகாரர். யாருக்கு எந்த நாள் இறைப்பு என்பதற்கு முறை உண்டு. துலா இருந்த காலத்தில் ஒருவர் துலாவில் ஏறி நடப்பார், ஒருவர் பட்டை பிடிப்பார், இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவார். விடியுமுன் தொடங்கும் அந்த வேலையில் ஒரு துளியும் வீணாகப் போனதில்லை.

உஸ்பெகிஸ்தானைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இறைப்பு முறைதான் நினைவுக்கு வருகிறது. அந்த நாட்டார் கடலைக் காண வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு நாடுகளையாவது கடக்க வேண்டும். நமக்கோ எந்தத் திசையில் போனாலும் கடல். ஆனாலும் நல்ல தண்ணீருக்கு ஏங்குவதில் இருவரும் ஒன்றுதான். அங்கே கிசில்கும் பாலைவனத்தின் ஓரத்தில், மலைப்பனி உருகி வரும் சரப்ஷான் ஆற்றை நம்பி சமர்கந்தும் புகாராவும் எழுந்தன. ஒரு காலத்தில் ஆமு தரியா என்ற பேராற்றை நோக்கி ஓடிய அந்த ஆறு, இன்று வாய்க்கால்களில் பிரிந்து, அதை எட்டாமலே மணலில் முடிந்துவிடுகிறது.

சமர்கந்தின் ரெகிஸ்தான் சதுக்கத்தில் உலுக் பெக் 1420 அளவில் கட்டி முடித்த மதரசாவின் நீல ஓடுகளை உலகமே வியக்கிறது. அரசராயிருந்தும் வானத்தை ஆராய்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களுக்கு அட்டவணை தந்தவர் அவர். அந்த நகரத்தைத் தாங்கியவர்களில் வாய்க்கால் காவலர்களையும் நான் சேர்த்துக்கொள்வேன். மிராப் என்று அழைக்கப்பட்ட அவர்கள்தான் எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று தீர்த்தார்கள். உஸ்பெக்கியரும் தாஜிக்கியரும் புகாரா யூதரும் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர்கள் சமர்கந்தும் புகாராவும். 1937இல் ஸ்டாலின் ஆட்சி தூரகிழக்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இறக்கிய கொரியர்களும் அந்த மண்ணில் நெல் விளைவித்தார்கள். அப்படிப் பெயர்வது நமக்கும் புதிதல்ல; 1995 ஒக்டோபரில் போரால் நம் வலிகாமம் முழுவதும் பெயர்ந்த துயரம் நமக்குத் தெரியும். ஊர் திரும்பியவர்கள் வீட்டைக் கூட்டுமுன் கிணற்றைத்தானே இறைத்துத் துப்புரவாக்கினார்கள்!

நமக்கும் ஒரு பழைய நகரம் உண்டு. அளவெட்டியிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது கந்தரோடை. போல் ஈ. பீரிஸ் நூறாண்டுக்கு முன் அங்கே ஆராய்ந்தார். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தார்கள். உரோம நாணயங்களும் கடல் கடந்த வணிகத்தைக் காட்டும் மட்பாண்ட ஓடுகளும் அந்த மண்ணிலிருந்து வந்தன. வட்ட வட்டமாக நிற்கும் சிறு தூபிகளைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து வயலையும் குளத்தையும் வழுக்கையாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் விழும் சின்ன ஆறுதான் அது. கடற்கரையில் துறைகள் இருந்தும் உள்நாட்டில் ஒரு நகரம் நிலைத்ததற்கு இந்த நீரும் வளமான மண்ணும் காரணமாகியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

நீரை அளவின்றி எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் உஸ்பெகிஸ்தானே காட்டுகிறது. 1960இல் உலகின் நாலாவது பெரிய ஏரியாக இருந்தது ஆரல். பருத்தி விளைவிக்க, அதில் விழுந்த ஆமு தரியாவையும் சிர் தரியாவையும் வாய்க்கால்களுக்குத் திருப்பினார்கள். ஆரலின் பெரும்பகுதி வற்றியது. மீன்பிடித் துறைமுகமாக இருந்த முய்நாக்கில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. உப்புத் தூசு காற்றில் பறக்கிறது.

நமது ஆரல் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு படையாகத் தங்குகிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். துலாவால் இறைத்தபோது உடம்பின் களைப்பே ஓர் எல்லையாக இருந்தது. மெசினுக்குக் களைப்பில்லை. எடுப்பது கூடினால் அடியிலிருந்து உவர் மேலே ஏறும். அள்ளிக் கொட்டும் உரமோ நைத்திரேற்றாகக் கிணற்றுக்கே இறங்குகிறது.

மாரிக்கு முன் குளங்களைத் தூர்வாருவதும், வெள்ளவாய்க்காலை அடைத்து மதில் கட்டாமல் விடுவதும், உரத்தை அளந்து போடுவதும் நம் கையில் இருக்கின்றன. முன்னோர் கிணற்றடியில் வைத்த முறையை இன்று ஊர் முழுவதற்கும் வைக்க வேண்டும். ஆரலை ஒரே நாளில் யாரும் வற்றவைக்கவில்லை. ஆண்டுக்காண்டு கொஞ்சம் கூடுதலாக எடுத்தே வற்றவைத்தார்கள். நாமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கும்போதே இதை நிறுத்த வேண்டும்.