நான்கு ஜிபி வேலி

கோடை விடுமுறைக்குத் தருமபுரி வந்த பேரன், தன் லேப்டாப்பில் இடமில்லை என்று என் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு கார் பந்தய விளையாட்டை ஏற்றினான். பாதியில் 'டிஸ்கில் எழுத முடியவில்லை' என்று நின்றது. 300 ஜிபி காலியாகக் கிடக்கிறதே! கேபிளை மாற்றினான், வேறு யுஎஸ்பி துளையில் சொருகினான். அதே பல்லவி.

'ப்ராப்பர்ட்டீஸ்' பார்க்கச் சொன்னேன். ஃபேட்32 என்றிருந்தது. பழைய டிவியில் படம் பார்ப்பதற்காக அப்படி வைத்திருந்தோம். அந்த முறையில் ஒரு ஃபைலின் அளவைக் குறிக்க 32 பிட்தான் ஒதுக்கீடு. அதில் அடங்கும் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட். 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. விளையாட்டின் ஒரு ஃபைல் அதைவிடப் பெரியது. பதிவேட்டில் தொகைக்கு ஆறு கட்டம்தான் என்றால் பத்து லட்சத்தை எங்கே எழுதுவது? கஜானாவில் இடமிருந்து என்ன பயன்? (பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'பைட்'டைவிட 'ஒக்தே' பிடிக்கும். எட்டு பிட் என்பது பெயரிலேயே தெரிகிறது.)

"ஃபார்மட் பண்ணிடலாம் தாத்தா" என்று மவுஸை நகர்த்தினான். கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அவன் பாட்டியின் படங்கள். வேறு நகல் கிடையாது.

முதலில் அவற்றை என் கணினியில் நகலெடுத்தோம்; நாலைந்தைத் திறந்தும் பார்த்தோம். அதன் பிறகுதான் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட். எதையும் அழிக்காமல் மாற்ற விண்டோஸில் 'கன்வர்ட்' என்றொரு கட்டளை உண்டு. அதற்கும் நகல் எடுத்துவிட்டே போங்கள்.

விளையாட்டு ஏறியது. ஒகேனக்கல் பரிசலில் பாட்டி பயந்து உட்கார்ந்திருக்கும் படத்தை மட்டும் தன் லேப்டாப்பிலும் போட்டுக்கொண்டான்.